அடுத்த வீட்டோடு மனத்தாங்கலா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

ஐப்பசி மழை பிடித்துவிட்டால் போதும், திருநெல்வேலிப் பக்கத்துத் தெருக்களில் வாய்ச்சண்டையும் ஆரம்பித்துவிடும். உன் தட்டட்டி (மொட்டை மாடி) தண்ணீர் என் சுவரில் இறங்குகிறது, உன் முருங்கைக் கிளை ஒடிந்து என் புறவாசலில் கிடக்கிறது, வாருகாலில் (தெருச் சாக்கடையில்) நீ மண்ணைக் கொட்டியதால்தான் என் வாசலில் தேங்குகிறது. இதற்கெல்லாம் போலீஸ் ஸ்டேஷன் வேண்டியதில்லை, ஒரு பிவிசி குழாயும் அரை நாள் கொத்தனார் வேலையும் போதும். மனு கொடுத்துவிட்டு வந்தாலும் ராத்திரி அதே சுவருக்கு இந்தப் பக்கம்தானே படுக்க வேண்டும்?

எல்லாரும் செய்கிற தவறு, சம்பந்தப்பட்டவரைத் தவிர மற்ற எல்லாரிடமும் சொல்வது. டீக்கடையில் சொல்வோம், தெரு வாட்ஸ்அப் குழுவில் போட்டோ போடுவோம், அது நாலு வாய் மாறி அவர் காதுக்குப் போகும்போது அவர் சரிசெய்ய நினைத்திருந்தால்கூட மானப் பிரச்சினையாகிவிடும். நேரே போங்கள், தனியாகப் போங்கள். மச்சானையும் தம்பியையும் கூட்டிக்கொண்டு போனால் நீங்கள் என்ன பேசினாலும் அடிக்க வந்ததாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். குடித்திருக்கும் நேரத்தில் பேச்சே வேண்டாம். மறுநாள் காலையில், "அண்ணாச்சி, தண்ணி நம்ம சுவருல ஊறுது, ஒரு எட்டு வந்து பாருங்க" என்று கூப்பிட்டுக் காட்டினால் பாதி வேலை முடிந்தது.

இதைவிட மோசமான தவறு ஒன்று எங்கள் மாவட்டத்தில் உண்டு, மறைக்காமல் சொல்கிறேன்: பேச்சில் சாதியை இழுப்பது. வாருகாலில் ஆரம்பித்த பேச்சு "உங்க ஆளுங்களே இப்படித்தான்" என்ற ஒரு வார்த்தையில் இரண்டு தெருவின் சண்டையாக மாறிவிடும், அப்புறம் அதை ஆரம்பித்தவராலேயே நிறுத்த முடியாது. வீட்டுப் பெண்களைப் பற்றிய பேச்சு, பழைய கடன், கல்யாணத்துக்கு அழைக்காத வருத்தம், எதையும் இழுக்காதீர்கள். தண்ணீரைப் பேசப் போனால் தண்ணீரை மட்டும் பேசுங்கள். பட்டியலினத்தவரைப் பலர் முன்னால் சாதி சொல்லி இழிவுபடுத்துவது 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். அடிதடி, மிரட்டல், பெண்களைத் தொந்தரவு செய்வது, இவையும் சின்னத் தகராறு கிடையாது. அங்கே சமாதானம் பேசி மூடப் பார்ப்பது அநியாயம், போலீசுக்குப் போகத்தான் வேண்டும்.

எல்லைச் சுவர் விஷயத்தில் "எங்க தாத்தா காலத்துல இங்கதான் இருந்துச்சு" என்று வாதாடிப் பயனில்லை. பட்டாவையும் புலப்படத்தையும் (நிலத்தின் அளவு வரைபடம்) இரண்டு பேரும் சேர்ந்து பாருங்கள், தீராவிட்டால் செலவைப் பங்குபோட்டு சர்வேயரை வைத்து அளந்துவிடுங்கள். கோபத்தில் சர்வே கல்லைப் பிடுங்கிவிடாதீர்கள், 1923ஆம் ஆண்டு நில அளவை, எல்லைச் சட்டத்தின்படி அது குற்றம். ஒரு கணக்கையும் போட்டுப் பாருங்கள். 40 அடிச் சுவர் அரை அடி தள்ளியிருந்தால் 20 சதுர அடி. ஒரு சென்ட் என்பது 435 சதுர அடிக்கும் மேல். இவ்வளவு இடத்துக்காகக் கோர்ட்டுக்கு வருஷக்கணக்கில் அலைய வேண்டுமா என்று நிதானமாக யோசித்துவிட்டு முடிவெடுங்கள்.

நடுவில் ஆள் வைக்கும்போதும் தப்பு நடக்கிறது. கட்சிக்காரரையோ காசு வாங்கிப் பஞ்சாயத்து பேசுபவரையோ கூப்பிட்டால் உங்கள் தகராறு அவர் கைக்குப் போய்விடும். இரண்டு வீட்டுக்கும் நல்லது கெட்டதுக்கு வந்துபோகிற ஒரு வாத்தியாரோ, தெருவில் மூத்த ஆச்சியோ போதும். பேசி முடித்ததை ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள்: குழாய் யார் செலவு, எந்தத் தேதிக்குள். ஆனால் நிலத்தையே விட்டுக்கொடுப்பதாக இருந்தால் அந்தத் தாள் செல்லாது, பத்திரம் பதிய வேண்டும்.

கோயில் கொடைத் திருவிழாவுக்குக் குழாய் ஒலிபெருக்கி கட்டும் விஷயம் வேறு. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்குச் சட்டத்திலேயே தடை இருக்கிறது, ஆனாலும் கொடை நடக்கும் ராத்திரியில் போய் நிறுத்தச் சொன்னால் யாருக்கும் காது கேட்காது. பந்தல் கால் நாட்டும்போதே போய், பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை இருக்கிறது, குழாயை வேறு பக்கம் திருப்பிக் கட்டுங்கள் என்று கேளுங்கள்.

வீடு கட்டுவதிலும் இப்படித்தான். 2023 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்தவர்கள் வாசலை உயர்த்த நினைப்பது நியாயம். வேலை தொடங்கும் முன்பே பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, தண்ணீர் எந்தப் பக்கம் வடியும் என்று காட்டிவிடுங்கள். காங்கிரீட் போட்ட பிறகு பேசினால் உடைக்கிற செலவும் சேர்ந்துகொள்ளும்.