ஏர்டேபிளில் எழுதி வெப்ஃப்ளோவில் வெளியிடுதல்: இடையில் மேக்கை அமைக்கும் முறை

நூல் மதிப்புரைகளுக்கான ஒரு சிறு இணையதளத்தை நண்பர்கள் நால்வர் சேர்ந்து நடத்துகிறோம். எழுதுவதும் திருத்துவதும், எந்தக் கட்டுரை யாரிடம் நிலுவையில் இருக்கிறது என்று பார்ப்பதும் தகவல்களை அட்டவணைகளில் சேமிக்கும் ஏர்டேபிள் என்ற இணையச் சேவையில் நடக்கின்றன. தளம், இணையதளங்களை உருவாக்க உதவும் வெப்ஃப்ளோவில் இருக்கிறது. முடிந்த கட்டுரையை அங்கிருந்து இங்கே கொண்டுவரும் வேலையை, 2022 வரை இன்டெக்ரோமேட் என்ற பெயரில் இருந்த மேக் என்ற தானியக்கச் சேவை செய்கிறது. இதற்கு நிரல் ஒரு வரிகூட எழுதத் தேவையில்லை. ஆனால் மாதத்துக்கு நான்கைந்து கட்டுரைகள் மட்டுமே வெளியிடுபவர்கள் இந்த வேலையில் இறங்காமல் நகலெடுத்து ஒட்டிவிடுவதே மேல் என்பது என் கருத்து. அமைப்பதற்கும் அவ்வப்போது பழுது பார்ப்பதற்கும் ஆகும் நேரம், மிச்சமாகும் நேரத்தைவிட அதிகமாக இருக்கும்.

முதலில் ஒரு முடிவு எடுக்க வேண்டும். கட்டுரையின் மூலப்படி எங்கே இருக்கிறது என்பதே அது. எங்களுக்கு அது ஏர்டேபிள். எனவே எழுத்துப்பிழை ஒன்றைத் திருத்துவதாக இருந்தாலும் ஏர்டேபிளில்தான் திருத்துகிறோம். வெப்ஃப்ளோவில் நேரடியாகக் கைவைப்பதில்லை. இரு பக்கமும் திருத்தலாம் என்று விட்டால், அடுத்த முறை தானியக்கம் ஓடும்போது ஒரு பக்கத்துத் திருத்தம் சத்தமில்லாமல் அழிந்துபோகும்.

ஏர்டேபிளின் அட்டவணையில் தலைப்பு, உடல், அட்டைப்படம், தேதி ஆகிய வழக்கமான புலங்களோடு இன்னும் நான்கு புலங்கள் வேண்டும். ஒன்று ‘நிலை’, அதில் ‘எழுதப்படுகிறது’, ‘சரிபார்ப்பில்’, ‘வெளியிடலாம்’, ‘வெளியானது’ என்ற தெரிவுகள் இருக்கும். இரண்டாவது, ஸ்லக், அதாவது பக்க முகவரியின் கடைசித் துண்டு. மூன்றாவது, கட்டுரைக்கு வெப்ஃப்ளோ தரும் ஐடியை, அதாவது அடையாளக் குறியை, சேமித்து வைக்கும் வெற்றுப் புலம். நான்காவது, கடைசியாக மாறிய நேரத்தைக் காட்டும் ‘லாஸ்ட் மாடிஃபைடு டைம்’ வகைப் புலம்; இதை உருவாக்கும்போது எல்லாப் புலங்களையும் கவனிக்கச் சொல்லாமல் ‘நிலை’யை மட்டும் கவனிக்குமாறு தேர்ந்தெடுக்க வேண்டும். பிறகு, நிலை ‘வெளியிடலாம்’ என்று இருக்கும் வரிசைகளை மட்டும் காட்டும் ஒரு வியூவை (வடிகட்டிய காட்சியை) உருவாக்கிக்கொள்ளுங்கள்.

ஸ்லக்கைப் பற்றித் தமிழில் தளம் நடத்துபவர்கள் கூடுதலாக அறிந்திருக்க வேண்டியது ஒன்று உண்டு. வெப்ஃப்ளோ தன் ஸ்லக்கில் ஆங்கில எழுத்துகள், எண்கள், இடைக்கோடு, அடிக்கோடு ஆகியவற்றை மட்டுமே ஏற்கும். தமிழ்த் தலைப்பை அப்படியே ஸ்லக் புலத்தில் இணைத்தால் பிழைதான் திரும்பி வரும். ஆகவே ஒவ்வொரு கட்டுரைக்கும் சுருக்கமான ஒலிபெயர்ப்பு ஒன்றைக் கையால் எழுதிவிடுகிறோம். வெளியான பிறகு அதை மாற்றாதீர்கள். மாற்றினால், யாரோ ஒருவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய பழைய இணைப்பு வெறும் 404 பக்கத்தில் போய் நிற்கும்.

வெப்ஃப்ளோவில் இந்த அட்டவணைக்கு இணையான கலெக்‌ஷனை உருவாக்கிய பின், மேக்கில் புதிய சினாரியோ (தானாக ஓடும் படிகளின் தொடர்) ஒன்றைத் தொடங்குங்கள். இரு கணக்குகளையும் இணைப்பது அனுமதி கேட்கும் சாளரத்தில் சம்மதம் தரும் வேலைதான். எந்த பேஸ் (ஏர்டேபிள் தரவுத்தளம்), எந்தத் தளம் என்பதைச் சரியாகத் தேர்ந்தெடுத்தால் போதும். முதல் மாட்யூல், அதாவது முதல் படி, ஏர்டேபிளின் ‘வாட்ச் ரெக்கார்ட்ஸ்’. அது கேட்கும் ட்ரிக்கர் ஃபீல்டாக அந்த லாஸ்ட் மாடிஃபைடு புலத்தையும், வியூவாக ‘வெளியிடலாம்’ வியூவையும் கொடுங்கள்.

அடுத்து வருவது, வேலையைக் கிளைகளாகப் பிரிக்கும் ரவுட்டர். இந்த அமைப்பின் உயிர் இங்கேதான் இருக்கிறது. ஒரு கிளையின் ஃபில்டரில், வெப்ஃப்ளோ ஐடி புலம் காலியாக இருந்தால் மட்டும் என்று வைத்து, அதன் முனையில் ‘கிரியேட் ஐட்டம்’ மாட்யூலைப் போடுங்கள். மறு கிளையில், ஐடி இருந்தால் மட்டும் என்று வைத்து ‘அப்டேட் ஐட்டம்’ மாட்யூலைப் போட்டு, எந்த ஐட்டத்தைத் திருத்த வேண்டும் என்ற இடத்தில் அந்த ஐடியை இணையுங்கள். இரு கிளைகளின் கடைசியிலும் ஏர்டேபிளின் ‘அப்டேட் ரெக்கார்டு’ வர வேண்டும். அது நிலையை ‘வெளியானது’ என்று மாற்றும். புதிதாக உருவாக்கிய கிளையில், வெப்ஃப்ளோ திருப்பித் தந்த 24 எழுத்து ஐடியையும் உரிய புலத்தில் எழுதி வைக்கும். வெளியான கட்டுரையைத் திருத்த வேண்டுமானால், திருத்திவிட்டு நிலையை மீண்டும் ‘வெளியிடலாம்’ என்று மாற்றினால் போதும். அது இரண்டாவது கிளை வழியாகப் போய்ப் பழைய பக்கத்தையே புதுப்பிக்கும்.

இந்தத் திரும்ப எழுதும் படியை நான் முதலில் அரைகுறையாகத்தான் செய்தேன். ரவுட்டர் வைக்கவில்லை, நிலையை மாற்றவில்லை, ஐடியை மட்டும் எழுதிவைத்தேன். மாற்ற நேரப் புலமோ எல்லாப் புலங்களையும் கவனித்துக்கொண்டிருந்தது. மேக் ஐடியை எழுதியதும் அந்த வரிசை ‘மாறிவிட்டது’. மாறியதால் அடுத்த சுற்றில் மீண்டும் எடுக்கப்பட்டது. எடுத்ததும் மீண்டும் ஐடி எழுதப்பட்டது. ஆங்கிலத்தில் ‘டெஸ்ட்’ என்று தலைப்பிட்டு, ஸ்லக் தராமல் விட்டிருந்த ஒரு சோதனைக் கட்டுரையை இரவு பத்து மணிக்கு இயக்கிவிட்டுப் படுத்தேன். காலை ஆறு மணிக்குக் கலெக்‌ஷனில் ‘டெஸ்ட்’ முப்பதுக்கும் மேற்பட்ட படிகளாகப் பெருகியிருந்தது, ஒவ்வொன்றும் தனித்தனி ஸ்லக்கோடு. ஸ்லக்கை நாமே கொடுத்திருந்தால் இது நடந்திருக்காது. ஒரே கலெக்‌ஷனில் ஒரு ஸ்லக் இருமுறை வர முடியாது என்பதால், இரண்டாவது படியை வெப்ஃப்ளோ மறுத்திருக்கும். கையால் ஸ்லக் எழுதுவதற்கு அது இன்னொரு காரணம்.

புலங்களை இணைக்கும்போது உடல் பகுதியில்தான் கவனம் தேவை. ஏர்டேபிளில் வடிவமைப்போடு எழுதிய நீள்உரை, வெளியே வரும்போது, வடிவமைப்பைக் குறிகளால் காட்டும் மார்க்டவுனாக வரும். வெப்ஃப்ளோவின் ரிச் டெக்ஸ்ட் புலமோ இணையப்பக்க மொழியான எச்டிஎம்எல்லை எதிர்பார்க்கும். இடையில் மேக்கின் ‘மார்க்டவுன் டு எச்டிஎம்எல்’ மாட்யூலை வைக்காவிட்டால், பக்கத்தில் தடித்த எழுத்துக்குப் பதிலாக நட்சத்திரக் குறிகள் தெரியும். மேலும், மார்க்டவுனின் வழக்கமான விதிப்படி ஒற்றை வரிமுறிவு வெறும் இடைவெளியாகவே கொள்ளப்படும். உரைநடைக்கு அது தொல்லை இல்லை. ஆனால் மேற்கோளாகக் கொடுத்த குறளின் இரண்டடியும் ஒரே வரியாக ஓடிவிடும், வெண்பாவின் நான்கடியும் அப்படியே. முதல் அடியின் கடைசியில் இரண்டு இடைவெளி விட்டு அடுத்த வரிக்குப் போனால் முறிவு நிற்கும். யாப்பு அறிந்த எங்கள் நண்பர் ஒருவரே இதற்குக் காவலர். அவர் பார்க்காமல் செய்யுள் மேற்கோள் எதுவும் வெளியே போவதில்லை.

அட்டைப்படத்தை வெப்ஃப்ளோவின் இமேஜ் புலத்தோடுதான் இணைக்க வேண்டும். ஏர்டேபிள் தரும் இணைப்பு முகவரி சில மணி நேரத்தில் காலாவதியாகும். ஆனால் இமேஜ் புலத்துக்குக் கொடுத்தால் வெப்ஃப்ளோ உடனே படத்தைத் தன்னிடம் நகலெடுத்துக்கொள்வதால் பாதிப்பில்லை. அதே முகவரியைச் சாதாரண உரைப் புலத்தில் வைத்தவர்களுக்கு, அன்று மாலை நன்றாகத் தெரிந்த படம் மறுநாள் காணாமல் போயிருக்கும். படம் 4 எம்பிக்குள் இருக்கட்டும்.

எழுத்தாளர் பெயர் வெப்ஃப்ளோவில் இன்னொரு கலெக்‌ஷனைச் சுட்டும் ரெஃபரன்ஸ் புலமாக இருந்தால், அங்கே பெயரை அனுப்பினால் ஏற்காது. அந்த எழுத்தாளருக்குரிய ஐட்டம் ஐடியை அனுப்ப வேண்டும். ஏர்டேபிளில் எழுத்தாளர்களுக்குத் தனி அட்டவணை வைத்து, அதில் ஐடியை ஒருமுறை எழுதி, இன்னொரு அட்டவணையின் மதிப்பை எடுத்துக்காட்டும் லுக்அப் புலத்தால் கட்டுரை அட்டவணைக்குக் கொண்டுவந்துவிடலாம்.

எல்லாம் முடிந்ததும் ‘ரன் ஒன்ஸ்’ அழுத்தி ஒரே ஒரு கட்டுரையை அனுப்பிப் பாருங்கள். முதல் சில வாரங்களுக்கு நேரடியாக வெளியிடாமல் டிராஃப்ட்டாக மட்டும் அனுப்பி, கண்ணால் பார்த்து வெளியிடுவது நல்லது.

பிறகு நேர இடைவெளி. மேக்கின் இலவசக் கணக்கு 15 நிமிடத்துக்கு ஒருமுறை ஓட அனுமதிக்கிறது. மாதத்துக்கு 1,000 கிரெடிட்டுகள் தருகிறது; ஒரு மாட்யூல் ஒருமுறை ஓடும் செயல்பாட்டுக்குப் பொதுவாக ஒரு கிரெடிட் செலவாகும். தாராளம் என்று தோன்றும். ஆனால் புதிய கட்டுரை எதுவும் இல்லாதபோதும், போய்ப் பார்த்துவருவதே ஒரு செயல்பாடாகக் கணக்கிடப்படும். 15 நிமிடத்துக்கு ஒன்று என்றால் நாளொன்றுக்கு 96. பத்து நாளில் மாத ஒதுக்கீடு தீர்ந்துவிடும். மணிக்கு ஒன்று என்று வைத்தால் மாதத்துக்கு 720 போக, உண்மையான வேலைக்கு 280 மிஞ்சும். நாங்கள் காலை ஏழு மணிக்கும் மாலை ஏழு மணிக்கும் மட்டும் ஓடவைத்திருக்கிறோம். மதிப்புரைக்கு அவசரம் என்ன?

ஏர்டேபிளில் ஒரு வரிசையை அழித்தால் அது இந்த அமைப்புக்குத் தெரியவராது. வாட்ச் மாட்யூல் இருப்பவற்றை மட்டுமே பார்க்கிறது. இல்லாமல் போனதைப் பார்ப்பதில்லை. கட்டுரையை ஏர்டேபிளில் அழித்துவிட்டாலும் தளத்தில் அது அப்படியே நிற்கும், அதன் ஐடியும் நம் கையை விட்டுப் போயிருக்கும். அதனால் வரிசையை அழிப்பதற்குப் பதிலாக, ‘நீக்குக’ என்று ஐந்தாவது நிலை ஒன்றைச் சேர்த்து, அந்த வரிசைகளையும் காட்டும்படி வியூவை விரித்து, ரவுட்டரில், நிலை ‘நீக்குக’ என்று இருந்தால் மட்டும் என்ற ஃபில்டரோடு மூன்றாவது கிளையாக ‘டெலீட் ஐட்டம்’ மாட்யூலை வைத்துக்கொள்ளுங்கள். முதல் இரு கிளைகளின் ஃபில்டரில் நிலை ‘வெளியிடலாம்’ என்று இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை அப்போது மறக்காமல் சேர்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் நீக்கச் சொன்ன கட்டுரை இரண்டாவது கிளையிலும் நுழைந்து, நீங்கும் முன் ஒருமுறை புதுப்பிக்கப்படும்.