வெப் சர்வரை எந்த ஃபோல்டரில் நிறுவுவது: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மதுரையைச் சுற்றியுள்ள கல்லூரிகளில் பிசிஏ மாணவர்கள் இறுதியாண்டு புராஜெக்டுக்காகவும், கீழமாசி வீதி மொத்த வியாபாரிகள் சரக்கிருப்புக் கணக்குக்காகவும் விண்டோஸ் கணினியில் நிறுவிக்கொள்வது பெரும்பாலும் இணையப் பக்கங்களை வழங்கும் வெப் சர்வரான அப்பாச்சி, பிஎச்பி நிரல்மொழி, மரியாடிபி தரவுத்தளம் ஆகியவற்றை ஒருசேரத் தரும் எக்ஸாம்ப் தொகுப்பைத்தான். எந்த ஃபோல்டர் என்று நிறுவி கேட்கும் அந்த ஒரு திரையில் எடுக்கும் முடிவு, பின்னால் பல நாள் வேலையைக் காப்பாற்றவும் செய்யும், கெடுக்கவும் செய்யும்.

முதல் தவறு, மற்ற மென்பொருள்கள் எல்லாம் இருக்கும் இடம் என்பதால் புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டரைத் தேர்ந்தெடுப்பது. விண்டோஸ் விஸ்டா காலம் தொட்டு, நிர்வாகி அனுமதியை வெளிப்படையாகப் பெறாத எந்த நிரலும் அங்கே எழுத முடியாது. வெப் சர்வரோ ஓயாமல் எழுதிக்கொண்டே இருப்பது: லாக் எனும் இயக்கப் பதிவுகள், தற்காலிகக் கோப்புகள், தரவுத்தளம், போதாததற்கு நாம் அடிக்கடி திருத்தும் கான்ஃபிக் (அமைப்பு) கோப்புகள். இதைவிட மோசமான ஒன்றும் உண்டு. பழைய 32 பிட் எடிட்டர் ஒன்றில் கான்ஃபிக் கோப்பைத் திருத்திச் சேமித்தால், பிழை எதுவும் காட்டாமலே விண்டோஸ் அந்தத் திருத்தத்தை நம் பயனர் ஃபோல்டருக்குள் இருக்கும் விர்ச்சுவல்ஸ்டோர் என்ற மறைவிடத்துக்குத் திருப்பிவிடக்கூடும். எடிட்டரில் புதிய வரி தெரியும். அப்பாச்சி பழைய கோப்பையே படித்துக்கொண்டிருக்கும். எக்ஸாம்ப் நிறுவியே இந்த ஃபோல்டரைத் தவிர்க்கச் சொல்லி எச்சரிக்கிறது; அதைப் படிக்காமல் ஓகே அழுத்துபவர்களே அதிகம். சி டிரைவில் நேரடியாக, இடைவெளியில்லாத ஆங்கிலப் பெயருள்ள ஃபோல்டரே நல்லது.

ஆனால் அங்கும் ஒரு கவனம் வேண்டும். சி டிரைவில் நேரடியாக உருவாகும் ஃபோல்டரில், அந்தக் கணினியில் கணக்கு வைத்திருக்கும் எவரும் கோப்புகளை மாற்ற இயல்பாகவே அனுமதி உண்டு. பலர் கைபடும் கடைக் கணினியில் அப்பாச்சியைப் பின்னணியில் இயங்கும் விண்டோஸ் சர்வீஸாக ஓடவிட்டால், அது முழு அதிகாரமுள்ள சிஸ்டம் கணக்கில் இயங்கும். அதன் நிரல் கோப்பை ஒருவர் மாற்றி வைத்தால் அந்த அதிகாரம் அவர் கைக்குப் போய்விடும். எனவே அத்தகைய கணினியில் எழுதும் அனுமதியை நிர்வாகிக்கும் சர்வர் இயங்கும் கணக்குக்கும் மட்டும் சுருக்கிக்கொள்ள வேண்டும்.

டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ் ஃபோல்டர்களையும் தவிர்க்க வேண்டும். மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பான ஒன்டிரைவ் இவற்றை ஒத்திசைக்கும் கணினிகள் இன்று ஏராளம். சர்வர் திறந்துவைத்து எழுதிக்கொண்டிருக்கும் தரவுத்தளக் கோப்பை ஒத்திசைவு நிரலும் தொட்டால் அது பழுதாகலாம். மேகத்தில் ஏறும் நகலையும் நம்ப முடியாது.

என் பார்வையில் மிகுந்த இழப்பைத் தருவது, நாம் எழுதிய நிரலை, தளக் கோப்புகளுக்கென சர்வருக்குள்ளேயே இருக்கும் எச்டிடாக்ஸ் ஃபோல்டருக்குள் வைத்திருப்பதுதான். கணினி பழுதாகி சர்வீஸ் கடைக்குப் போனால் சி டிரைவை ஃபார்மட் செய்வது வழக்கம். சர்வரை மீண்டும் நிறுவிவிடலாம், புராஜெக்டை அப்படி மீட்க முடியாது. டி டிரைவில் தனி ஃபோல்டர் வைத்து, அப்பாச்சியின் டாக்குமென்ட் ரூட்டை (தளக் கோப்புகளை அது தேடும் இடத்தை) அதற்கு மாற்றி, கான்ஃபிக் கோப்பில் அந்த ஃபோல்டருக்குரிய டைரக்டரி பகுதியில் அனுமதியையும் சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் அனுமதி மறுக்கும் 403 பிழைதான் வரும். பாதையில் முன்சாய்வுக் கோட்டையே (/) இடுங்கள்; இடைவெளி இருந்தால் மேற்கோள் குறிக்குள் அடையுங்கள். தரவுத்தளத்துக்கு டேட்டா ஃபோல்டரில் உள்ள ஒரு துணை ஃபோல்டரை மட்டும் நகலெடுத்து வைப்பது போதாது, ஏனெனில் அட்டவணைகளின் விவரம் ஐபிடேட்டா என்ற பொதுக் கோப்பிலும் இருக்கிறது. தரவுத்தளத்தை நிர்வகிக்கும் பிஎச்பிமைஅட்மினில் எக்ஸ்போர்ட் செய்து வைப்பதே உதவும்.

உபுண்டு லினக்ஸில் இடத்தைத் தேர்வதை மென்பொருள் நிறுவும் கருவியான ஏபிடியிடமே விட்டுவிடலாம். 21.04 பதிப்பிலிருந்து புதிய பயனரின் ஹோம் ஃபோல்டருக்குள் பிறர் நுழைய முடியாது. அதனால் அங்கே வைத்த தளத்தை அப்பாச்சி திறக்காது. அதற்காக எல்லாவற்றுக்கும் 777 அனுமதி (யாரும் படிக்கவும் எழுதவும் இயக்கவும் அனுமதி) கொடுக்காமல், தளத்தை வார் ஃபோல்டருக்குள் இருக்கும் டபிள்யூடபிள்யூடபிள்யூ ஃபோல்டருக்கு மாற்றி, அதன் உரிமையை உங்கள் கணக்குக்கு எழுதிக்கொள்ளுங்கள்.