ஊருக்குக் குடிநீர்: மெஷின் வாங்கும் முன் செய்ய வேண்டியவை

ஊருக்கு நல்ல தண்ணீர் கொண்டுவரலாம் என்று நாலு பேர் கூடினாலே முதலில் எழுகிற பேச்சு ஆர்.ஓ. மெஷின்தான். அதைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். தண்ணீரில் என்ன கெட்டிருக்கிறது என்று தெரியாமல் எதை வாங்கினாலும் காசுக்குக் கேடு.

முதல் வேலை பரிசோதனை. கிருமி, ரசாயனம் இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். கிருமிக்கான மாதிரியை ஆய்வகம் தருகிற சுத்தமான பாட்டிலில்தான் பிடிக்க வேண்டும், பிடித்ததைக் குளிர்ச்சியாக வைத்து அன்றைக்கே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி 100 மில்லி தண்ணீரில் இ.கோலை, அதாவது மலம் கலந்திருப்பதைக் காட்டிக்கொடுக்கும் கிருமி, இருக்கவே கூடாது. லிட்டருக்கு ஃப்ளோரைடு 1.5 மில்லிகிராம், நைட்ரேட் 50 மில்லிகிராம், ஆர்சனிக் 0.01 மில்லிகிராம், இதைத் தாண்டினால் ஆபத்து. காய்ச்சிக் குடித்தால் போதாதா என்பார்கள். கிருமி சாகும், சரி, ஆனால் இந்த மூன்றும் எங்கேயும் போகாது, தண்ணீர் வற்ற வற்ற இன்னும் செறிவாகத்தான் ஆகும். வங்கதேசத்தில் குளத்துத் தண்ணீரால் வயிற்றுப்போக்கு வருகிறதே என்று 1970கள் தொட்டு ஊர் ஊராகக் குழாய்க் கிணறு போட்டார்கள், ஆர்சனிக் இருக்கிறதா என்று யாரும் பார்க்கவில்லை, 1990களில்தான் விஷயம் வெளியே வந்தது.

ரசாயனம் வரம்பு மீறியிருந்தால் வேறு நீராதாரம் கிடைக்குமா என்றுதான் முதலில் தேட வேண்டும். வேறு ஆழத்தில் ஒரு போர்வெல்லோ மழைநீர்த் தொட்டியோ போதுமானதாக இருக்கலாம். வடிகட்டி கடைசி வழி. ஃப்ளோரைடு, ஆர்சனிக் வடிகட்டிகளின் உள்ளே இருக்கும் பொருள் தீர்ந்துபோனாலும் தண்ணீர் பார்க்க, குடிக்க அப்படியேதான் இருக்கும், அதனால் அடிக்கடி சோதிக்க ஆள் இல்லாத ஊருக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

கிருமி மட்டும்தான் பிரச்சினை என்றால் நிம்மதி, அதைச் சமாளிப்பது எளிது. கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவர், மூடி, சுற்றிலும் சிமெண்ட் தளம், கழிவுநீர் ஓட வாய்க்கால் கட்டுங்கள். கழிப்பறைக் குழி குறைந்தது 30 மீட்டர் தள்ளி, முடிந்தால் பள்ளமான பக்கத்தில் இருக்கட்டும். ஆளுக்கொரு வாளியை உள்ளே விடுவதை நிறுத்தி ஒரு கைபம்பு வையுங்கள்.

அப்புறம் குளோரின். வட்டக் கிணறு என்றால் விட்டத்தை விட்டத்தாலேயே பெருக்கி, அதை நீரின் ஆழத்தாலும் 785ஆலும் பெருக்குங்கள் (அளவெல்லாம் மீட்டரில்), எத்தனை லிட்டர் என்று வந்துவிடும். 3 மீட்டர் விட்டம், 4 மீட்டர் தண்ணீர் என்றால் 28,260 லிட்டர். ஆயிரம் லிட்டருக்கு 2.5 கிராம் நல்ல பிளீச்சிங் பவுடர் என்று கணக்கு வைத்தால் சுமார் 70 கிராம். அதை அப்படியே தூவிவிடாதீர்கள். வாளியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழைத்து, மேலும் தண்ணீர் சேர்த்துக் கலக்கி, பத்து நிமிடம் தெளியவிட்டு, தெளிந்த நீரை மட்டும் இன்னொரு வாளியில் எடுத்துக் கிணற்றுக்குள் இறக்கி மேலும் கீழுமாக ஆட்டிக் கலக்க வேண்டும், அடியில் தங்கும் சுண்ணாம்பு வேண்டாம். ராத்திரியில் போட்டுவிட்டால் காலைவரை யாரும் இறைக்க மாட்டார்கள், குளோரினுக்கும் வேலை செய்ய நேரம் கிடைக்கும். கலங்கல் தண்ணீரில் குளோரின் சரியாக வேலை செய்யாது, முதலில் தெளியவைத்தோ மணலில் வடித்தோ எடுங்கள். ஈரம் பட்ட, திறந்தே கிடந்த பவுடரில் வீரியம் இருக்காது.

போட்டது போதுமா என்பதைச் சோதனைக் கிட்தான் சொல்லும், மூக்கை நம்பாதீர்கள். அரை மணி நேரம் கழித்து லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் மீதிக் குளோரின் இருக்க வேண்டும், குழாயில் விடுகிறீர்கள் என்றால் கடைக்கோடி வீட்டுக் குழாயில் 0.2ஆவது தெரிய வேண்டும். அங்கே ஒன்றுமே தெரியவில்லை என்றால் நடுவில் எங்காவது குழாய் உடைந்து சாக்கடை உள்ளே வருகிறதா என்று பாருங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகும் தண்ணீர் கெடும். கையை விட்டு மொள்ளுகிற அகலவாய்ப் பாத்திரத்தைவிட மூடியும் குழாயும் வைத்த குடம் எவ்வளவோ மேல்.

பராமரிப்புக்குப் பொறுப்பாள், மாதாமாதம் வீட்டுக்கு இவ்வளவு என்ற வசூல், இரண்டையும் முதல் நாளே முடிவு செய்துவிடுங்கள், பழுதான பிறகு பேசினால் சண்டைதான் வரும். வாஷரும் உதிரிபாகமும் பக்கத்தில் கிடைக்காத பம்பை யாராவது இலவசமாகவே தந்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.