ஃபெடரல் கொள்கையும் கோர்ட் தீர்ப்பும்: படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் விசாவில் இருக்கும் குடும்பங்கள் வேலையை விடுவது, ஊருக்குப் போட்ட டிக்கெட்டை ரத்து செய்வது போன்ற பெரிய முடிவுகளைப் பல நேரம் ஒரு செய்தித் தலைப்பை நம்பியே எடுக்கின்றன. 'கோர்ட் ரத்து செய்தது', 'கோர்ட் அனுமதித்தது' என்ற இரண்டு வார்த்தைக்குள் எந்த ஃபெடரல் வழக்கும் அடங்காது. தீர்ப்பு எந்தக் கேள்விக்குப் பதில் சொன்னது, யாரைக் கட்டுப்படுத்துகிறது, எந்தத் தேதியிலிருந்து என்ற மூன்றும் தெரிந்தால்தான் நம் வீட்டுக்கு அதனால் என்ன ஆகும் என்று சொல்ல முடியும். தவறுகள் நடப்பதும் இந்த மூன்று இடங்களில்தான்.

அறிவிப்பைச் சட்டம் என்று எடுத்துக்கொள்வது

ஃபெடரல் அரசு பேசுவதில் படிநிலை உண்டு. மேலே அரசியலமைப்பு. அதன் கீழ் காங்கிரஸ் இயற்றும் சட்டம். அதன் கீழ் ஏஜென்சிகள் எழுதும் விதிகள். அதிபரின் எக்ஸிகியூட்டிவ் ஆர்டரும் பிரகடனமும் அரசியலமைப்போ ஒரு சட்டமோ கொடுத்த அதிகாரத்துக்குள் மட்டுமே செல்லும். ஏஜென்சியின் மெமோ கடைசிப் படி. எழுதிய கையே மறுநாள் மாற்றலாம். 1952-ல் அதிபர் ட்ரூமன் எஃகு ஆலைகளைக் கையகப்படுத்த உத்தரவிட்டபோது, காங்கிரஸ் கொடுக்காத அதிகாரம் அது என்று உச்ச நீதிமன்றம் 6-3 என்ற கணக்கில் அதை நிறுத்தியது. அந்த எல்லைக்கோடு இன்றும் அதுதான்.

இந்தப் படிநிலை தெரிந்தால் பல வதந்திகள் தாமாக உதிர்ந்துவிடும். கிரீன் கார்டுக்கு ஒரு நாட்டுக்கு 7 சதவீதம் என்ற உச்சவரம்பு சட்டத்தில் இருக்கிறது. எந்த அதிபரும் கையெழுத்துப் போட்டு அதை நீக்க முடியாது. காங்கிரஸ்தான் நீக்க வேண்டும். எச்-1பி வேலை விசாவின் 65,000, 20,000 என்ற ஆண்டு எண்ணிக்கைகளும் அப்படியே. ஆனால் விண்ணப்பங்களில் யாரை எப்படித் தேர்ந்தெடுப்பது என்ற முறை ஏஜென்சியின் விதியில் இருப்பதால், அதை ஏஜென்சியே மாற்ற முடியும்.

2025 செப்டம்பர் 19 வெள்ளிக்கிழமை எச்-1பி விண்ணப்பத்துக்கு 1,00,000 டாலர் என்ற பிரகடனம் கையெழுத்தானது. செப்டம்பர் 21 அதிகாலை 12:01-க்கு அமல். விடுமுறைக்கு ஊருக்கு வந்திருந்தவர்கள் அதற்குள் திரும்பிவிட வேண்டும் என்று விமான நிலையத்துக்கு ஓடினார்கள். மறுநாளே, விசா விண்ணப்பங்களைக் கையாளும் ஏஜென்சியான யூஎஸ்சிஐஎஸ் வெளியிட்ட மெமோ, இது இனிமேல் தாக்கலாகும் புதிய விண்ணப்பங்களுக்கு மட்டும், ஏற்கெனவே விசா வைத்திருப்பவர்களுக்கு இல்லை என்றது. வருடா வருடம் கட்ட வேண்டிய தொகை என்று செய்தியாளர்களிடம் சொல்லப்பட்டதும் ஒரு முறை கட்டணம் என்று மாறியது. அந்தப் பதற்றத்துக்காக யாரையும் குறை சொல்ல முடியாது. பிரகடனத்தின் வாசகமே தெளிவாக இல்லை. ஆனாலும் அந்த ஒரு நாளில் பார்த்திருக்க வேண்டியவை பேட்டிகள் அல்ல. பிரகடனத்தின் முழு வாசகம், அதை நடைமுறைப்படுத்தும் ஏஜென்சியின் குறிப்பு, தன் கம்பெனி வழக்கறிஞரின் மின்னஞ்சல், இந்த மூன்றும்தான்.

முன்மொழிந்த விதியும் இறுதி விதியும் ஒன்று என்று நினைப்பது

1946-ன் நிர்வாக நடைமுறைச் சட்டப்படி ஏஜென்சி ஒரு விதியைக் கொண்டுவர முதலில் வரைவை ஃபெடரல் ரெஜிஸ்டர் என்ற அரசிதழில் வெளியிட்டு, பொதுமக்கள் கருத்தைக் கேட்டு, பிறகே இறுதி விதியை வெளியிட வேண்டும். இறுதி விதியும் பொதுவாக வெளியாகி 30 நாள் கழித்தே அமலாகும். ஆகவே 'புதிய விதி வருகிறது' என்ற செய்தி பெரும்பாலும் மாதக்கணக்கில் தள்ளியிருக்கும் விஷயம். ஃபெடரல் ரெஜிஸ்டர் ஆவணத்தின் தொடக்கத்தில் 'ஆக்ஷன்' என்ற வரி, இது முன்மொழிவா இறுதி விதியா என்று சொல்லும். அதற்குக் கீழே 'டேட்ஸ்' என்ற பகுதி அமலாகும் தேதியைச் சொல்லும். இந்த இரண்டு வரியைப் படிக்க ஒரு நிமிடம் போதும்.

எதிர்த்திசையிலும் தவறு நடக்கும். எல்லா விதிக்கும் அவகாசம் கிடைக்கும் என்று நம்பக் கூடாது. தக்க காரணம் இருப்பதாகச் சொல்லி ஏஜென்சி 'இடைக்கால இறுதி விதி' ஒன்றை உடனே அமல்படுத்தலாம். 2025 அக்டோபர் 30 அன்று அப்படித்தான் நடந்தது. வேலை அனுமதி அட்டையைப் புதுப்பிக்க விண்ணப்பித்தவர்களுக்குத் தானாகக் கிடைத்துவந்த 540 நாள் வரையிலான நீட்டிப்பு, அன்றும் அதற்குப் பிறகும் விண்ணப்பித்த பெரும்பாலானவர்களுக்கு நின்றுபோனது. முந்தின நாள் விண்ணப்பித்தவருக்கு நீட்டிப்பு உண்டு. மறுநாள் விண்ணப்பித்தவருக்கு இல்லை. அட்டை முடிய 180 நாள் இருக்கும்போதே புதுப்பிக்க விண்ணப்பிக்கலாம் என்ற அனுமதியைக் கடைசி வாரம் வரை விட்டுவைப்பது இதனால்தான் ஆபத்து.

தீர்ப்பு வந்த நாளை அமலாகும் நாள் என்று எண்ணுவது

இதுதான் அதிகம் பேரைத் தடுமாற வைக்கும் இடம். ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) மாணவர்களின் ஓபிடி, அதாவது படிப்பை ஒட்டிய வேலைப் பயிற்சி அனுமதி, பற்றிய வழக்கை எடுத்துக்கொள்வோம். படிப்பு முடித்த ஸ்டெம் மாணவர்கள் கூடுதலாக 17 மாதம் வேலை செய்ய 2008-ல் ஒரு விதி வந்தது. பொதுமக்கள் கருத்தைக் கேட்காமல் கொண்டுவந்தார்கள் என்பதால், 2015 ஆகஸ்ட் 12 அன்று வாஷிங்டன் டி.சி. மாவட்ட நீதிமன்றம் அதை ரத்து செய்தது. செய்தி அதோடு முடிந்தது, தீர்ப்பு முடியவில்லை. உடனே ரத்தானால் ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே நாளில் நிலை இழப்பார்கள் என்பதால், ரத்து 2016 பிப்ரவரி 12 வரை அமலாகாது என்று நீதிபதி அதே தீர்ப்பில் நிறுத்திவைத்தார். பிறகு அந்தக் கெடு மே 10-க்கு நீண்டது. இடையில் ஏஜென்சி முறைப்படி கருத்துக் கேட்டு, 24 மாத நீட்டிப்புடன் புதிய விதியை அதே மே 10 அன்று அமலுக்குக் கொண்டுவந்தது. ரத்தான விதியைவிட ஏழு மாதம் கூடுதலாகக் கிடைத்தது. ஆகஸ்ட் மாதத் தலைப்பைப் பார்த்து வேலையை விட்டிருந்தால் அந்த இழப்பை யாராலும் ஈடு செய்திருக்க முடியாது.

இறக்குமதி வரி வழக்கும் இதே பாடம்தான். நெருக்கடி அதிகாரச் சட்டத்தின் கீழ் விதித்த வரிகள் செல்லாது என்று பன்னாட்டு வர்த்தக நீதிமன்றம் 2025 மே 28 அன்று சொன்னது. ஆகஸ்ட் 29 அன்று ஃபெடரல் சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றமும் 7-4 என்ற கணக்கில் அரசுக்கு எதிராகவே தீர்த்தது. ஆனால் இரண்டும் நிறுத்திவைக்கப்பட்டதால், நவம்பர் 5 அன்று உச்ச நீதிமன்றத்தில் வாதம் நடந்தபோதும் துறைமுகங்களில் அந்த வரி வசூலாகிக்கொண்டிருந்தது. அப்போது இறக்குமதியாளர் கட்டாமல் இருக்க முடியவில்லை.

ஆகவே உத்தரவின் வகையைப் பார்க்க வேண்டும். தற்காலிகத் தடை உத்தரவு பொதுவாக 14 நாள். இன்னொரு 14 நாள் நீட்டலாம். இடைக்காலத் தடையாணை வழக்கு முடியும் வரை நிற்கும். அதைக் கொடுப்பதற்கு நீதிபதி பார்ப்பது வெல்லும் வாய்ப்பு, ஈடுசெய்ய முடியாத பாதிப்பு, இரு தரப்பின் கஷ்டநஷ்டம், பொதுநலன் ஆகியவை. அது இறுதித் தீர்ப்பு அல்ல. இந்தத் தடையாணையையே மேல் நீதிமன்றம் நிறுத்திவைத்தால் கொள்கை மீண்டும் உயிர்பெறும். அப்போது வரும் 'கோர்ட் தடை' என்ற தலைப்பு முந்தின வாரத் தலைப்புக்கு நேர் எதிரான பொருளில் இருக்கும்.

எல்லோருக்கும் பொருந்தும் என்று நம்புவது

ஃபெடரல் மாவட்ட நீதிமன்றங்கள் 94, மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் 13. ஒரு மாவட்ட நீதிபதியின் கருத்து இன்னொரு மாவட்ட நீதிபதியைக் கட்டுப்படுத்தாது. டெக்சாஸுக்குப் பொருந்தும் ஐந்தாவது சர்க்யூட் (மேல்முறையீட்டு வட்டாரம்) தீர்ப்பு கலிஃபோர்னியாவின் ஒன்பதாவது சர்க்யூட்டில் வெறும் மேற்கோள்தான். அந்த 1,00,000 டாலர் எச்-1பி கட்டணத்தை வாஷிங்டன் டி.சி. மாவட்ட நீதிமன்றம் 2025 டிசம்பர் 23 அன்று ஏற்றுக்கொண்டது; ஆனால் அதே பிரகடனத்தை எதிர்த்து கலிஃபோர்னியாவிலும் மாசசூசெட்ஸிலும் தனி வழக்குகள் தாக்கலாகியிருந்தன. 'கோர்ட் முடிவு செய்துவிட்டது' என்று அன்று சொன்னது பாதி உண்மை.

பிறப்புக் குடியுரிமை வழக்கில் இந்தக் குழப்பம் உச்சத்துக்குப் போனது. அமெரிக்காவில் பிறக்கும் குழந்தைக்குத் தானாகக் குடியுரிமை கிடைப்பதைக் கட்டுப்படுத்த வந்த 2025 ஜனவரி 20-ன் எக்ஸிகியூட்டிவ் ஆர்டர், ஆவணமில்லாதவர்களின் குழந்தைகளை மட்டும் பற்றியது அல்ல. தாய் எச்-1பி, எச்-4, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் இருந்து, தந்தை குடிமகனாகவோ கிரீன் கார்டு உள்ளவராகவோ இல்லாவிட்டால், அந்தக் குழந்தையையும் அது தொட்டது. ஜூன் 27 அன்று உச்ச நீதிமன்றம் 6-3 என்ற கணக்கில் தீர்ப்பளித்ததும், குடியுரிமை போய்விட்டது என்று பலர் எடுத்துக்கொண்டார்கள். அந்தத் தீர்ப்பு ஆர்டர் அரசியலமைப்புக்கு உகந்ததா என்ற கேள்வியைத் தொடவே இல்லை. வழக்குத் தொடுத்தவருக்கு முழு நிவாரணம் தருவதைத் தாண்டி, நாடு முழுக்க எல்லோருக்கும் சேர்த்துத் தடை போட மாவட்ட நீதிபதிகளுக்கு அதிகாரம் இல்லை என்பதே அதன் சாரம். ஒரே நிலையில் உள்ள பலரை ஒரு வகுப்பாகச் சேர்த்து நடத்தும் கிளாஸ் ஆக்ஷன் வழி திறந்தே இருந்தது. ஜூலை 10 அன்று நியூ ஹாம்ப்ஷயர் நீதிமன்றம் பாதிக்கப்படும் குழந்தைகளை ஒரு வகுப்பாக ஏற்று மறுபடி தடையாணை கொடுத்தது. இப்படிப்பட்ட வகுப்பில் சேர யாரும் பெயர் பதிய வேண்டியதில்லை. உத்தரவில் உள்ள வரையறைக்குள் வந்தால் போதும். அதனால் அந்த வரையறை வரியைத் தேதிகளோடு சொல்லுக்குச் சொல் படிக்க வேண்டும்.

எதனால் வென்றார்கள் என்று பார்க்காமல் விடுவது

சிறுவயதில் ஆவணமின்றி வந்தவர்களை நாடு கடத்தாமல் வேலை செய்ய விடும் டாகா திட்டத்தை நிறுத்திய அரசின் முடிவை 2020 ஜூன் 18 அன்று உச்ச நீதிமன்றம் 5-4 என்று தள்ளியபோது, டாகா சட்டப்படி செல்லும் என்று பலர் கொண்டாடினார்கள். கோர்ட் சொன்னது அது இல்லை. நிறுத்தும் அதிகாரம் அரசுக்கு உண்டு, ஆனால் காரணங்களைச் சரியாக ஆராயாமல் நிறுத்தியது தவறு என்றுதான் சொன்னது. அடுத்த ஆண்டே டெக்சாஸ் நீதிபதி ஒருவர் டாகாவே சட்டவிரோதம் என்று தீர்த்தார். ஏற்கெனவே பெற்றவர்களின் புதுப்பித்தலை மட்டும் தொடர விட்டார். நடைமுறைப் பிழையால் தோற்ற அரசு, பிழையைச் சரிசெய்துகொண்டு அதே கொள்கையோடு திரும்பி வர முடியும்.

வழக்குத் தொடுக்கும் தகுதி இல்லை என்று தள்ளுபடியான வழக்கும் அப்படித்தான். கருக்கலைப்பு மாத்திரையான மிஃபெப்ரிஸ்டோன் வழக்கில் 2024 ஜூன் 13 அன்று ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்த்தார்கள். வழக்குப் போட்ட மருத்துவர்களுக்கு அதனால் நேரடிப் பாதிப்பு இல்லை என்பது மட்டுமே தீர்ப்பு. மருந்துக்கான அனுமதி சரியா தவறா என்று ஒரு வரியும் இல்லை.

உச்ச நீதிமன்றம் வழக்கை எடுக்க மறுப்பதையும் 'உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது' என்று எழுதுகிறார்கள். மறுப்பு என்பது கீழ்த் தீர்ப்பு அப்படியே நிற்கிறது என்பதோடு சரி. அந்தத் தீர்ப்பு நியாயம் என்ற ஒப்புதல் அல்ல. எச்-1பி ஊழியர்களின் எச்-4 விசா துணைவர்களுக்கான வேலை அனுமதியை வாஷிங்டன் டி.சி. மேல்முறையீட்டு நீதிமன்றம் 2024 ஆகஸ்டில் ஏற்றது. 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அதை விசாரிக்க மறுத்தது. அந்த வழக்கு முடிந்தது. ஆனால் அந்த அனுமதி 2015-ன் ஒரு விதியால் வந்தது. கருத்துக் கேட்பு நடத்தி ஏஜென்சி அதைத் திரும்பப் பெறுவதை அந்த மறுப்பு தடுக்காது.

செய்தியோடு நின்றுவிடுவது

உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளை அதன் இணையதளத்தில் அன்றே இலவசமாக எடுக்கலாம். முதலில் வரும் சுருக்கம் நீதிபதிகள் எழுதியது அல்ல, தீர்ப்பின் பகுதியும் அல்ல. புரிந்துகொள்ள மட்டும் அது உதவும். பெரும்பான்மைத் தீர்ப்பின் கடைசிப் பத்திக்குப் போங்கள். உறுதி செய்யப்பட்டதா, மாற்றப்பட்டதா, ரத்து செய்து கீழ் நீதிமன்றத்துக்கே அனுப்பப்பட்டதா என்பது அங்கே இருக்கும். திருப்பி அனுப்பியிருந்தால் வழக்கு முடியவில்லை. செய்திகளில் பரவும் காரமான வரிகள் பெரும்பாலும் பெரும்பான்மையோடு உடன்படாத நீதிபதிகளின் மறுப்புத் தீர்ப்பிலிருந்து வருபவை. அவை யாரையும் கட்டுப்படுத்தாது.

கீழ் நீதிமன்ற ஆவணங்களுக்கு ஃபெடரல் நீதிமன்றங்களின் பேசர் (PACER) தளம். பக்கத்துக்கு 10 சென்ட், ஒரு ஆவணத்துக்கு அதிகபட்சம் 3 டாலர். மூன்று மாதத்தில் 30 டாலருக்குள் இருந்தால் எதுவும் கட்ட வேண்டாம். நீதிபதியின் தீர்ப்புரைகளுக்குக் கட்டணமே இல்லை. கோர்ட்லிஸனர் தளத்தில் பெரிய வழக்குகளின் டாக்கெட், அதாவது வழக்கில் தாக்கலானவற்றின் தேதிவாரிப் பட்டியல், இலவசமாகவே கிடைக்கும். டாக்கெட்டின் கடைசி நான்கைந்து பதிவுகளில் மேல்முறையீட்டு அறிவிப்போ, நிறுத்திவைப்பு மனுவோ இருக்கிறதா என்று தேடுங்கள். ஃபெடரல் அரசு ஒரு தரப்பாக இருக்கும் சிவில் வழக்கில் மேல்முறையீடு செய்ய இரு தரப்புக்கும் 60 நாள் உண்டு. மேல்முறையீட்டுத் தீர்ப்புக்குப் பிறகு உச்ச நீதிமன்றத்தை அணுக 90 நாள். அதற்குள் எதுவும் தாக்கலாகவில்லை என்றால்தான் அந்தத் தீர்ப்பை நம்பித் திட்டம் போடலாம்.

வழக்கு நடக்கிறதே என்று சொந்தக் கெடுவை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். யாரோ தொடுத்த வழக்கு உங்கள் விண்ணப்பத்தின் கடைசித் தேதியை நிறுத்தாது, உத்தரவில் அப்படி எழுதியிருந்தால் தவிர. வழக்கறிஞரிடம் போகும்போது செய்தி இணைப்புக்குப் பதிலாக வழக்கு எண்ணையும், உத்தரவின் தேதியையும், உங்கள் ஐ-94 (நாட்டில் தங்கும் கெடுவைக் காட்டும் பதிவு) அல்லது அட்டை முடியும் தேதியையும் எழுதி எடுத்துப் போங்கள்.