வலைப்பதிவுத் தளத்துக்கு மேனேஜ்டு வி.பி.எஸ்.: விலைப்பட்டியலைத் திறக்கும் முன் படிக்க வேண்டியவை

கர்நாடக அணைகளிலிருந்து உபரி நீர் திறக்கப்பட்டால் காவிரி தமிழ்நாட்டுக்குள் நுழையும் பிலிகுண்டுலுவில் நீர்வரத்து ஏறிவிடும். ஒகேனக்கல்லில் குளிக்கவும் பரிசல் ஓட்டவும் தடை வரும். தருமபுரியில் இருந்துகொண்டு ஒகேனக்கல் பயணக் குறிப்புகளை எழுதும் சிறு தளத்துக்கு அன்றைக்குத்தான் கூட்டம் அலைமோதும். ஆடிப்பெருக்குக்கும் அதே கதைதான். கிருஷ்ணகிரி மாம்பழ விலை நிலவரம் எழுதுகிறவருக்குக் கோடை முழுவதும் இப்படி. மற்ற மாதங்களில் நாளுக்குச் சில நூறு பேர் எட்டிப் பார்த்தாலே அதிகம். இப்படி ஏறி இறங்கும் தளங்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். லினக்ஸ் கட்டளை எதுவும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

ஷேர்டு ஹோஸ்டிங்கில் ஒரு சர்வரைப் பல தளங்கள் பங்கிட்டுக்கொள்கின்றன. வி.பி.எஸ். (விர்ச்சுவல் பிரைவேட் சர்வர்) என்றால், பெரிய சர்வர் ஒன்றை மென்பொருளால் பல கூறுகளாகப் பிரித்து, ஒரு கூறின் ராமையும் (வேலை நினைவகம்) வட்டு இடத்தையும் உங்களுக்கென்றே ஒதுக்கித் தருகிறார்கள். மேனேஜ்டு வி.பி.எஸ். திட்டத்தில் அந்தக் கூறைப் பராமரிக்கும் பொறுப்பையும் நிறுவனமே ஏற்கிறது. கூடுதல் பணம் அந்த உழைப்புக்குத்தான். விலைப்பட்டியல்களோ ராமைப் பெரிய எழுத்தில் போட்டுவிட்டு, உழைப்பை ஒற்றை வரியில் முடித்துவிடுகின்றன. அந்த ஒற்றை வரியைத்தான் நாம் துருவ வேண்டும்.

படி 1: உண்மையில் தேவையா?

பல தளங்களுக்குத் தேவையில்லை. வலைப்பதிவின் ஒரு பக்கம் எல்லா வாசகருக்கும் ஒரே மாதிரிதான் போகிறது. கேஷ் பிளகின் (தளத்தில் சேர்க்கும் துணை மென்பொருள்) ஒன்றைச் சரியாக அமைத்தால், ஒரு முறை தயாரித்த பக்கத்தையே அடுத்தடுத்து வருபவர்களுக்கும் சர்வர் எடுத்துக் கொடுத்துவிடும். கைபேசியில் எடுத்த அருவிப் படத்தை நான்கைந்து எம்.பி. அளவில் அப்படியே ஏற்றியிருந்தால், அதைச் சுருக்கி வெப்.பி. வடிவுக்கு மாற்றுங்கள். இவ்வளவும் செய்த பிறகும் கூட்ட நாளில் சர்வர் திணறுவதைக் காட்டும் 503, 508 போன்ற பிழைகள் வந்தால் மேலே படியுங்கள். வராவிட்டால் பழைய திட்டத்திலேயே இருங்கள், பணம் மிச்சம்.

படி 2: வாங்கும் முன் ஒரு மின்னஞ்சல்

தேர்வின் முக்கால் பங்கு இந்தப் படியில் முடிந்துவிடும். ‘மேனேஜ்டு’ என்பதற்கு எல்லோரும் ஏற்ற வரையறை கிடையாது. ஒரு நிறுவனம் இயங்குதளத்தைப் புதுப்பிப்பதோடு நிறுத்திக்கொள்ளும். இன்னொன்று வேர்ட்பிரஸ் வரை பார்த்துக்கொள்ளும். ஆகவே கீழ்க்கண்ட கேள்விகளை எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள்.

“நள்ளிரவில் என் பதிவுகள் சேமிக்கப்பட்டிருக்கும் டேட்டாபேஸ் நின்றுபோனால் முதலில் கவனிப்பது நீங்களா, நானா?” தாங்களே கண்காணித்துத் தாங்களே எழுப்பிவிடுவதாகச் சொன்னால் நல்லது. ‘டிக்கெட் (உதவிக் கோரிக்கை) போடுங்கள், பார்க்கிறோம்’ என்று பதில் வந்தால், கண்காணிப்பு வேலை உங்கள் தலையில் விழுகிறது என்று பொருள்.

“பேக்கப் எங்கே இருக்கிறது? எத்தனை நாள் வைத்திருக்கிறீர்கள்? என் டேட்டாபேஸை மட்டும் தனியாக மீட்டுத் தர முடியுமா? அதற்குக் கட்டணம் உண்டா?” அதே சர்வரின் வட்டில் கிடக்கும் பேக்கப்பை நான் பேக்கப்பாகவே கணக்கில் சேர்ப்பதில்லை. வட்டு போனால் இரண்டும் சேர்ந்தே போகும்.

“எந்த இயங்குதளம், எந்தப் பி.எச்.பி. பதிப்பு?” சென்ட் ஓஎஸ் 7 இயங்குதளத்துக்கான ஆதரவு 2024 ஜூனிலும், வேர்ட்பிரஸ் எழுதப்பட்ட மொழியான பி.எச்.பி.யின் 7.4 பதிப்புக்கான ஆதரவு 2022 நவம்பரிலும் முடிந்துவிட்டன. புதிய வாடிக்கையாளருக்கு இன்னமும் இவற்றை நிறுவித் தருபவர் எதைப் பராமரிக்கப் போகிறார்?

“தளத்தில் மால்வேர் (தீங்கு செய்யும் நிரல்) புகுந்தால் சுத்தம் செய்து தருவீர்களா? பிளகின் மோதலைப் பார்ப்பீர்களா?” பெரும்பாலும் மறுப்பார்கள், அல்லது தனிக் கட்டணம் சொல்வார்கள். அதில் தவறில்லை, முன்கூட்டியே தெரிந்திருந்தால் போதும்.

இந்த மின்னஞ்சலை ஞாயிற்றுக்கிழமை இரவில் அனுப்புங்கள். எவ்வளவு நேரத்தில் பதில் வருகிறது, கேட்ட கேள்விக்குப் பதில் இருக்கிறதா, அல்லது விளம்பரப் பக்கத்தை நகலெடுத்து ஒட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். வாங்கும் முன் கிடைப்பதைவிட நல்ல கவனிப்பு வாங்கிய பின் கிடைக்காது.

படி 3: அளவு

ஒன்றிரண்டு வேர்ட்பிரஸ் தளங்களுக்கு 2 ஜி.பி. ராம் வசதியாக இருக்கும். 1 ஜி.பி.யில் கன்ட்ரோல் பேனல் (சர்வரை உலாவியிலிருந்தே நிர்வகிக்கும் மென்பொருள்), டேட்டாபேஸ், பி.எச்.பி. மூன்றும் நெருக்கியடிக்கும். வட்டு வேகமான என்.வி.எம்.இ. வகையா என்றும், சர்வரைக் கூறுகளாக்கும் மெய்நிகராக்கம், ஒவ்வொரு கூறையும் தனிக் கணினிபோல இயக்கும் கே.வி.எம். வகையா என்றும் கேளுங்கள். மாதப் பரிமாற்ற அளவைக் கண்டு மயங்க வேண்டாம்: ஒரு பக்கம் 1.5 எம்.பி. என்றால், 50,000 பக்கப் பார்வைக்குச் சுமார் 75 ஜி.பி.தான் ஆகும். 1 டி.பி.யா, 4 டி.பி.யா என்ற ஒப்பீடு உங்களுக்குப் பொருந்தாது. கூட்ட நாளுக்காக ஆண்டு முழுவதும் பெரிய திட்டத்துக்குப் பணம் கட்டவும் வேண்டாம்; ஆடி மாதம் மட்டும் ராமைக் கூட்டி, பிறகு குறைக்க முடியுமா என்று கேளுங்கள். வட்டைப் பெரிதாக்கிவிட்டால் திரும்பச் சிறிதாக்குவது பல இடங்களில் முடியாது. அதனால் ராமை மட்டும் கூட்டுங்கள்.

படி 4: சர்வர் இருக்கும் ஊர்

வாசகர்கள் தமிழ்நாட்டில் இருந்தால் சர்வரும் இந்தியாவில் இருக்கட்டும். அமெரிக்கா வரை ஒரு முறை போய்த் திரும்பவே 200 மில்லி விநாடிக்கு மேல் ஆகும். பாதுகாப்பான இணைப்பு தொடங்க அப்படிச் சில முறை போய்வர வேண்டும். பெங்களூரு, சென்னை, மும்பை மூன்றிலும் டேட்டா சென்டர்கள் உள்ளன. பெங்களூரு ஓசூருக்குப் பக்கத்தில்தானே என்று அதையே பிடித்துக்கொள்ள வேண்டாம். உங்கள் கைபேசி நிறுவனத்தின் பாதை சென்னையையோ மும்பையையோ சுற்றிக்கொண்டும் போகலாம். சோதனை முகவரி தரச் சொல்லி, பென்னாகரத்திலோ பாலக்கோட்டிலோ மொபைல் டேட்டாவில் திறந்து பாருங்கள். வீட்டு ஃபைபர் இணைப்பில் எல்லாமே வேகமாகத்தான் தெரியும்.

படி 5: பில்

முதல் ஆண்டு விலையை விடுங்கள், புதுப்பிப்பு விலையைப் பாருங்கள். அதோடு 18 சதவீத ஜி.எஸ்.டி., டாலர் விலையென்றால் வங்கியின் அந்நியச் செலாவணிக் கட்டணம், கன்ட்ரோல் பேனல் உரிமத்தொகை ஆகியவற்றையும் கூட்டுங்கள். சி பேனல் என்ற கன்ட்ரோல் பேனல் 2019-இல் கணக்குகளின் எண்ணிக்கைப்படி விலை வைக்கத் தொடங்கியதிலிருந்து, சிறிய திட்டங்களில் உரிமத்தொகை கனமாகவே இருக்கிறது. கார்டில் ரூ.15,000-க்கு மேற்பட்ட தானியங்கிக் கட்டணம் ரிசர்வ் வங்கி விதிப்படி உங்கள் கூடுதல் ஒப்புதல் இல்லாமல் போகாது. ஆண்டுச் சந்தா கட்டுபவர்கள் அந்த ஒப்புதலைக் கேட்டு வரும் அறிவிப்பைத் தவறவிட்டால் தளம் நின்றுவிடும். முதல் சில மாதங்களுக்கு மாதச் சந்தாவே போதும். டொமைனை மட்டும் தனி நிறுவனத்தில், உங்கள் பெயரிலேயே வைத்துக்கொள்ளுங்கள். ஹோஸ்டிங் நிறுவனத்தோடு மனக்கசப்பு வந்தால் எளிதாக வெளியேறலாம்.

படி 6: குடிபெயர்தல்

சீசன் இல்லாத நாளாகப் பாருங்கள். டொமைன் எந்தச் சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்வது டி.என்.எஸ். பதிவு; அதைப் பிற கணினிகள் நினைவில் வைத்திருக்கும் நேரம்தான் டி.டி.எல். முந்தைய நாளே அந்த டி.டி.எல். மதிப்பை 300 விநாடிக்குக் குறைத்துவிடுங்கள். தளத்தை நகலெடுத்துத் தரும் வேலையைப் பல நிறுவனங்கள் இலவசமாகவே செய்கின்றன. நகலெடுத்த பிறகு, டொமைனை மாற்றும் முன்பாகத் தற்காலிக முகவரியில் தளத்தைத் திறந்து சோதியுங்கள்.

தமிழ்த் தளங்களுக்கு இங்கே ஒரு கூடுதல் வேலை இருக்கிறது. டேட்டாபேஸின் எழுத்துக் குறியீடு யு.டி.எஃப்.8 எம்.பி.4 போன்ற யூனிகோட் வகையாக இல்லாமல் தவறாக நகலானால், தமிழ் முழுவதும் கேள்விக்குறிகளாகவோ பொருளற்ற லத்தீன் எழுத்துகளாகவோ மாறிவிடலாம். முகப்புப் பக்கம் சரியாகத் தெரிகிறது என்று விட்டுவிடாமல், பழைய பதிவுகள், குறிச்சொற்கள், பின்னூட்டங்கள், தமிழில் அமைந்த இணைப்பு முகவரிகள் எல்லாவற்றையும் திறந்து பாருங்கள். டொமைன் பெயரில் மின்னஞ்சல் வைத்திருப்பவர்கள் மின்னஞ்சல் போகும் இடத்தைச் சொல்லும் எம்.எக்ஸ். பதிவைத் தொடாமல், தளத்தின் சர்வர் முகவரியைச் சொல்லும் ஏ பதிவை மட்டும் மாற்ற வேண்டும். இணைப்பைப் பாதுகாப்பாக்கும் எஸ்.எஸ்.எல். சான்றிதழுக்குப் பணம் கட்டாதீர்கள். லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பு தரும் சான்றிதழ் இலவசம். அது தானாகப் புதுப்பிக்கப்படுகிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 7: முதல் மாதத்துக்குள்

பேக்கப்பிலிருந்து தளத்தை ஒரு சோதனை முகவரியில் மீட்டுத் தரும்படி டிக்கெட் போடுங்கள். எவ்வளவு நேரம் எடுத்தார்கள், எந்தத் தேதி வரையிலான பதிவுகள் திரும்பின என்று குறித்துக்கொள்ளுங்கள். தளம் முழுதாக எழுந்து நின்ற பிறகு பழைய ஹோஸ்டிங்கை ரத்து செய்யலாம்.