முதல் வேலைக்கு கவர் லெட்டர்: ஒரு கடிதத்தைத் திருத்திய கதை

கோயம்புத்தூரில் ஒரு பம்ப் செட் கம்பெனியின் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். ஜூனியர் அக்கவுண்டன்ட் வேண்டும் என்று விளம்பரம் போட்டால், வருகிற மெயில்களைத் திறந்து பார்க்கும் வேலை என் தலையில்தான் விழும். முக்கால்வாசிக் கடிதங்கள் ஒரே அச்சில் வார்த்தது போல இருக்கும். 'ரெஸ்பெக்டட் சார் ஆர் மேடம்' என்று ஆரம்பித்து, கடின உழைப்பாளி, டீம் பிளேயர், சீக்கிரம் கற்றுக்கொள்வேன் என்று நீண்டு, ஒரு வாய்ப்புக் கொடுங்கள் என்று முடியும். கீழே இருக்கும் பெயரை மாற்றினால் யாருக்கு வேண்டுமானாலும் பொருந்தும்.

எங்கள் தெருவில் ஒரு பெண் இந்த வருஷம் பி.காம் முடித்தாள். குறிச்சி சிட்கோவில் ஒரு ஃபவுண்டரிக்கு விண்ணப்பிக்க வேண்டும், கடிதத்தைப் பார்த்துக் கொடுங்கள் என்று வந்தாள். அவளோடு உட்கார்ந்து திருத்திய வரிசையிலேயே சொல்கிறேன். கடிதம் ஆங்கிலத்தில்தான் போகும்; விஷயம் பிடிபடுவதற்காகத் தமிழில் காட்டுகிறேன்.

படி 1: விளம்பரத்தில் கோடு போடுங்கள்

விளம்பரத்தில் எட்டு வரி இருந்தது. அதில் ஐந்து எல்லா விளம்பரத்திலும் வருபவை. மிச்சம் மூன்று: டேலி என்ற கணக்கு சாஃப்ட்வேர் தெரிய வேண்டும், ஜிஎஸ்டி ரிட்டர்ன் வேலையில் உதவ வேண்டும், சப்ளையர்களோடு பேச வேண்டும். இந்த மூன்றுக்கும் பேனாவால் கோடு போட்டோம். கடிதம் இவற்றுக்குப் பதில் சொன்னால் போதும்.

படி 2: செய்த வேலையைத் தோண்டி எடுங்கள்

"அக்கா, எனக்கு எக்ஸ்பீரியன்ஸே இல்லீங்களே, என்னத்தை எழுதறது?"

"ஆடிட்டர் ஆபீஸுக்குப் போனியே, அங்க என்ன பண்ணினே?"

"அது இன்டர்ன்ஷிப்புங்க, ஒரு மாசம். சும்மா பில்லு டிக் அடிச்சேன்."

சும்மா இல்லை என்பது கேட்கக் கேட்கத்தான் வந்தது. ஒரு ஹார்டுவேர் கடையின் கொள்முதல் பில்களை ஜிஎஸ்டிஆர்-2பி-யோடு ஒப்பிட்டிருக்கிறாள். கணக்குத் துறைக்குப் புதியவர்களுக்காக: நாம் சரக்கு வாங்கும்போது கட்டிய ஜிஎஸ்டியை கிரெடிட்டாக எடுக்க, விற்றவர் தன் ரிட்டர்னில் அந்த பில்லைக் காட்டியிருக்க வேண்டும். காட்டினாரா என்பது மாதம் 14-ஆம் தேதி வரும் 2பி என்ற பட்டியலில் தெரியும். மாதாமாதம் ரிட்டர்ன் போடுபவர்கள் 20-ஆம் தேதிக்குள் 3பி என்ற ரிட்டர்னைப் போட்டாக வேண்டும். இடையில் இருக்கும் சில நாட்களில் எந்த பில் வரவில்லை, ஏன் வரவில்லை என்று ஒவ்வொன்றாகப் பார்த்துச் சொல்ல ஆள் வேண்டும். அந்த வாரம் எங்கள் ஆபீஸில் யாரும் நேரத்துக்கு டீ குடிப்பதில்லை. அதைச் செய்துவிட்டுத்தான் 'சும்மா டிக் அடிச்சேன்' என்கிறாள்!

ஒரு தாள் எடுத்து எத்தனை பில், எத்தனை வரவில்லை, என்ன காரணம், அப்புறம் என்ன செய்தாய் என்று எழுதச் சொன்னேன். இன்ஜினியரிங் படித்தவர்களும் இதையே செய்யலாம். ப்ராஜெக்டை நாலு பேர் சேர்ந்து செய்திருப்பீர்கள். அதில் உங்கள் கை பட்ட பகுதியை மட்டும் எழுதுங்கள்.

படி 3: முதல் பத்தி, இரண்டே வாக்கியம்

அவள் எழுதி வைத்திருந்தது: 'தங்கள் மதிப்புமிக்க நிறுவனத்தில் என் திறமைகளை வளர்த்துக்கொண்டு, நிறுவனத்தின் வளர்ச்சிக்கும் பாடுபட விரும்புகிறேன்.'

மாற்றியது: 'தங்கள் ஜூனியர் அக்கவுண்டன்ட் பணிக்கு விண்ணப்பிக்கிறேன். இந்த ஆண்டு பி.காம் முடித்தேன், படிக்கும்போது ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் ஒரு மாதம் ஜிஎஸ்டி பில் ஒப்பிடும் வேலை பார்த்தேன்.'

எந்த வேலை, நீங்கள் யார், ஏன் மேலே படிக்க வேண்டும். மூன்றும் வந்துவிட்டன.

படி 4: நடுப் பத்தி

தாளில் எழுதியது இங்கேதான் வருகிறது.

'ஒரு கடையின் ஒரு மாதக் கொள்முதல் பில்கள் 140-ஐ ஜிஎஸ்டிஆர்-2பி-யோடு ஒப்பிட்டேன். அதில் 9 வரவில்லை. 5 பில்களுக்கு சப்ளையர் ரிட்டர்ன் போடவில்லை, 2 பில்களில் ஜிஎஸ்டி எண் தவறு, 2 பில்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரிட்டர்ன் போடுபவர்களுடையவை. ஆடிட்டர் சொன்னபடி அந்த சப்ளையர்களிடம் நானே போனில் பேசி, பதிலைக் குறித்துக் கொடுத்தேன். பில்களை டேலியில் ஏற்றியதும் நான்தான்.'

கோடு போட்ட மூன்று வரிக்கும் பதில் இதிலேயே இருக்கிறது. உழைப்பாளி என்று தனியாக எழுதத் தேவையில்லை. கடையின் பெயரை அவள் எழுதியிருந்தாள், அடித்துவிட்டேன். அடுத்தவர் கணக்கைப் பார்த்தவர் அதை வெளியே சொல்லக் கூடாது. படிப்பவர் கணக்குத் துறைக்காரர் என்றால் இதைக் கட்டாயம் கவனிப்பார்.

இல்லாததை எழுத வேண்டாம். 'டேலி எக்ஸ்பர்ட்' என்று எழுதியவரிடம் ஜர்னலுக்கு எந்தக் கீ என்று கேட்பேன். எஃப்7 என்று யோசிக்காமல் வர வேண்டும். வராதவர்கள் நிறையப் பேர்.

படி 5: முடிப்பு

'புரொவிஷனல் சர்டிபிகேட் கையில் இருக்கிறது. உடனே வேலையில் சேர முடியும். நேரில் வரத் தயார்.' அதற்குக் கீழே போன் நம்பர், அவ்வளவுதான். அரியர் இருந்தால் ஒரே வரியில் உண்மையைச் சொல்லுங்கள், காரணம் விளக்க வேண்டாம். வீட்டுக் கஷ்டத்தையும் எழுத வேண்டாம். படிக்கும்போது எனக்கு மனசு கஷ்டமாகத்தான் இருக்கும், ஆனால் அதை வைத்து யாரையும் இன்டர்வியூவுக்குக் கூப்பிட முடியாது.

மொத்தம் ஒரு பக்கத்துக்குள் நிற்க வேண்டும்.

படி 6: அனுப்பும் முன்

நான் படித்து முடித்த வருஷம் ஒரே நாளில் பதினொரு கம்பெனிக்கு அனுப்பினேன். ஒரு ஸ்பின்னிங் மில்லுக்குப் போன கடிதத்தில் வேறொரு மில்லின் பெயர் இருந்தது. அனுப்பிய பிறகுதான் பார்த்தேன். அதனால் கம்பெனி பெயர், பதவியின் பெயர் இரண்டையும் விளம்பரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சத்தமாகப் படியுங்கள்.

மெயிலின் சப்ஜெக்ட்டில் பதவி, உங்கள் பெயர். கடிதத்தை மெயிலுக்குள்ளேயே ஒட்டிவிடுங்கள். ரெஸ்யூம் மட்டும் பிடிஎஃப் ஆக இணைப்பில் போகட்டும். ஸ்கூல் காலத்து மெயில் ஐடியில் பட்டப்பெயர் இருந்தால் புதிதாக ஒன்று திறந்துகொள்ளுங்கள்.

எல்லாம் சரி என்று அனுப்பப் போகும்போது இணைப்பைப் பார்த்தேன். ஃபைலின் பெயர் 'நியூ ஃபைனல் ஃபைனல் 3'. "இதையும் மாத்தணுங்களா அக்கா?" என்றாள். மாற்றினோம்: அவள் பெயர், பி.காம், ஜூனியர் அக்கவுண்டன்ட்.