ஜார்ஜ் வித் குடும்பத்தைத் தேடும் முறை: உயிலில் தொடங்குங்கள்

தொடக்ககால அமெரிக்க வழக்கறிஞர் ஒருவரின் குடும்பத்தைத் தேடுகிறவர்கள் பெரும்பாலும் முதலில் வம்ச மரம் வரைவார்கள். ஜார்ஜ் வித் (1726–1806) விஷயத்தில் அது உதவாது. விர்ஜீனியாக்காரரான இவர் அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்டவர், பின்னாளில் அதிபரான தாமஸ் ஜெஃபர்சனுக்குச் சட்டம் சொல்லிக்கொடுத்தவர், 1779-இல் வில்லியம் அண்ட் மேரி கல்லூரியில் சட்டப் பேராசிரியர் ஆனவர். இரண்டு திருமணங்கள்; பிறந்த ஒரே குழந்தையும் தங்கவில்லை. மரம் அவரோடு நின்றுவிடும். அவர் வீட்டில் யார் யார் இருந்தார்கள் என்பதை உயில்தான் சொல்லும்.

1803-இல் எழுதிய உயிலுக்கு 1806-இல் மூன்று பிற்சேர்க்கைகள் உண்டு (வக்கீல்கள் கோடிசில் என்பார்கள்). ஒரு தாளில் நான்கு பத்தி பிரித்து, ஒவ்வொன்றிலும் யாருக்கு என்ன என்று எழுதுங்கள். யார் புதிதாக வந்தார், யார் காணாமல் போனார் என்பதே முக்கியம். அவர் விடுதலை செய்த சமையல்காரி லிடியா பிராட்னாக்ஸும், மைக்கேல் பிரவுன் என்ற சிறுவனும், சகோதரியின் பேரன் ஜார்ஜ் வித் ஸ்வீனியும் முதலில் இருக்கிறார்கள். ஜூன் 1 பிற்சேர்க்கை ஸ்வீனிக்கு எழுதிய எல்லாவற்றையும் ரத்து செய்துவிடுகிறது. வீட்டாருக்கு நஞ்சு வைத்ததாக ஸ்வீனி மீது குற்றச்சாட்டு. பிரவுன் இறந்தான், ஜூன் 8 அன்று வித்தும் இறந்தார். லிடியா பிழைத்தார்.

ஸ்வீனி கொலை வழக்கில் விடுதலையானார். இதை மட்டும் பார்த்து 'குற்றம் நடக்கவில்லை' என்று எழுதிவிடக் கூடாது. வெள்ளையருக்கு எதிராகக் கறுப்பினத்தவர் சாட்சி சொல்ல அன்றைய விர்ஜீனியச் சட்டம் விடவில்லை. அடுக்களையில் இருந்த லிடியாவின் வாய் அப்படித்தான் அடைக்கப்பட்டது. தீர்ப்பை வாசிக்கும்போது, பேச முடியாதவர் யார் என்றும் கேளுங்கள். மைக்கேல் பிரவுன் வித்தின் மகன் என்ற பேச்சும் உண்டு. ஆதாரம் கிடையாது, குறிப்பில் 'வதந்தி' என்றே போடுங்கள்.

மனைவியரைத் தேடக் கணவரின் பத்திரங்கள் போதாது. திருமணமான பெண்ணின் சொத்து கணவர் கைக்குப் போய்விடுவதால் அவள் பெயரே மறைந்துவிடும். மாமனாரின் உயிலைப் பாருங்கள். இரண்டாம் மனைவி எலிசபெத்தின் தந்தை ரிச்சர்ட் தாலியாஃபெரோ கட்டிய வில்லியம்ஸ்பர்க் வீட்டில்தான் தம்பதி வாழ்ந்தார்கள். அந்தக் குடும்பப் பெயரை 'டாலிவர்' என்று சொல்வார்கள். எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார், அதையும் சேர்த்துத் தேடுங்கள். ஸ்வீனிக்கும் பல எழுத்துக்கூட்டல்கள்.

உறவுச் சொற்களில் நம்மவர்கள் நன்றாகவே வழுக்குவார்கள். சித்தப்பா, மாமா, மைத்துனர் என்று பிரித்துப் பழகிய நமக்கு அந்தக் காலத்து ஆங்கிலம் பொறி வைக்கும். 'கசின்' அண்ணன் மகனாகவும் இருக்கலாம். 'பிரதர்' மைத்துனராகவும் இருக்கலாம். 'ஜூனியர்' மகன்தான் என்றில்லை, ஊரில் அதே பெயருள்ள இளையவராக இருக்கலாம். 'இன்ஃபன்ட்' என்றால் கைக்குழந்தை அல்ல, 21 நிரம்பாதவர்.

தேதியிலும் கவனம் தேவை. 1752-க்கு முன் புத்தாண்டு மார்ச் 25-இல் பிறந்தது. ஜனவரி முதல் மார்ச் 24 வரையிலான தேதிகளுக்கு இரண்டு ஆண்டுகளையும் எழுதிவையுங்கள்.

நீதிமன்ற ஏடு கிடைக்காவிட்டால் அது 1865 ஏப்ரலில் விர்ஜீனியாவின் தலைநகர் ரிச்மண்டில் மூண்ட தீயில் போயிருக்கலாம். அப்போது கடிதங்களுக்குத் திரும்புங்கள். அமெரிக்க தேசிய ஆவணக் காப்பகத்தின் 'ஃபவுண்டர்ஸ் ஆன்லைன்' இலவசம். 1806, 1807 ஆண்டுகளில் ஜெஃபர்சனுக்கு வந்த கடிதங்களை வடிகட்டுங்கள். லிடியா உதவி கேட்டு எழுதியதும் அங்கே கிடைக்கும்.

புத்தகங்களை வித் ஜெஃபர்சனுக்கு எழுதிவைத்தார். ஜெஃபர்சன் 1815-இல் 6,487 நூல்களை அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்கு விற்றார். 1851 தீயில் அவற்றில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு எரிந்தது. ஒரு நூல் இந்த வழியில் வந்ததா என்று அறிய, முன்னட்டையின் உட்புறத்தில் வித்தின் பெயர்ச்சீட்டைப் பாருங்கள். பிறகு பக்க அடியில் அச்சகக் குறியாக (தாள்களை வரிசைப்படுத்த அச்சகத்தார் இடும் எழுத்து) 'ஐ' (I) உள்ள இடத்துக்குப் போங்கள்: ஜெஃபர்சன் அதன் முன்னால் மையால் ஒரு 'டி' (T) சேர்த்து அதைத் தன் பெயரின் முதலெழுத்துகளாக்குவது வழக்கம் (லத்தீனில் 'ஜே'க்கும் 'ஐ' என்றே எழுதுவார்கள்). பெயர்ச்சீட்டை யாரும் கிழித்திருக்கலாம். இந்தச் சின்ன எழுத்தைப் பெரும்பாலும் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள்.